பழைய மலைச்சரிவுக்கு வயது காண்பது எப்படி? ஒளிர்வுக் காலக்கணிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தடாகம், காரமடை, கல்லாறு, அந்தப் பக்கம் ஆனைமலை அடிவாரம் என்று மலையை ஒட்டிய காடுகளில் கிணறு வெட்டும்போது சில இடங்களில் ஆளுயரப் பாறையும் சேறும் சரளையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். ஆறு கொண்டுவந்து போட்டதென்றால் கல் உருண்டிருக்கும், மணல் தனி, கல் தனி என்று அடுக்கு பிரிந்திருக்கும். இப்படி எல்லாம் கலந்து, கல்லின் முனை மழுங்காமல், சேற்றில் மிதப்பதுபோல் நின்றால் ஒரு காலத்தில் மலையே சரிந்து இறங்கி வந்திருக்கிறது, அதாவது மலைச்சரிவு நடந்திருக்கிறது என்று பொருள்.

எந்தக் காலத்தில் என்று கண்டுபிடிக்கும் வேலையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். என்னோடு வந்த மாணவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

1. முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மண்ணில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் வீசிக்கொண்டே இருக்கின்றன. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் சேர்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்களின் மணிகள் இந்த ஆற்றலில் ஒரு பங்கைத் தங்கள் படிகத்துக்குள் பிடித்து வைக்கும். வெயில் பட்டால் அது காலியாகிவிடும். மண்ணுக்குள் புதைந்தால் மறுபடி சேரத் தொடங்கும்.

ஆய்வகத்தில் அந்த மணி மேல் ஒளியைப் பாய்ச்சினால் சேர்ந்தது ஒளிர்வாக வெளியே வரும். எவ்வளவு சேர்ந்தது என்பதை டோஸ் என்பார்கள், கிரே என்ற அளவில் சொல்வார்கள். அதை ஒரு வருடத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்பதால் வகுத்தால் வயது. 36 கிரே சேர்ந்திருக்கிறது, 1000 ஆண்டுக்கு 3 கிரே வீதம் சேர்கிறது என்றால், மணி கடைசியாக வெயிலைப் பார்த்து 12,000 ஆண்டு ஆகிறது.

‘கடைசியாக வெயிலைப் பார்த்து’ என்பதில்தான் மலைச்சரிவுக்காரர்களுக்குத் தொல்லை. மணற்குன்றில் பறக்கும் மணி வெயிலில் குளித்துவிட்டுத்தான் புதையும். ராத்திரி மழையில் சேறாக இறங்கிய மண்ணில் பெரும்பாலான மணிகள் வெயிலைப் பார்த்திருக்கவே மாட்டா. மலைமேல் இருந்தபோது சேர்ந்த பழைய கணக்கையும் சுமந்துகொண்டே புதைந்திருக்கும். அதை அப்படியே அளந்தால் வயது பல மடங்கு கூடித் தெரியும். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்தத் தவறைத் தவிர்க்கத்தான்.

2. கிளம்புவதற்கு முன்

ஆய்வகத்தோடு முதலில் பேசிவிடுங்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், டேராடூன் வாடியா நிறுவனம் போன்ற சில இடங்களில்தான் இந்த வசதி இருக்கிறது. எத்தனை மாதிரி எடுப்பார்கள், மண்ணை எடுக்க எந்த அளவுக் குழாய் வேண்டும், எப்போது முடியும் என்று கேட்காமல் மண்ணை எடுத்துவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டா நிலம் என்றால் தோட்டத்துக்காரரிடம் சொல்லி, எங்கே எவ்வளவு ஆழம் வெட்டுவோம் என்று காட்டி அனுமதி வாங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் மண்வெட்டியை எடுக்கவே வேண்டாம். கல்லாறு, சிறுமுகைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாய்வதற்குள் ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

குழாய்க்கு ஐந்து செ.மீ. விட்டமும் 20 முதல் 25 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய் போதும். கோயமுத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் ஒரு முனையைக் கத்திபோல் சீவித் தரச் சொல்லலாம். சீவாத குழாய் மண்ணை வெட்டாது, தள்ளும். தள்ளினால் மண் குலையும். இரு பக்கமும் மூடி, அலுமினியத் தாள், கருப்புப் பாலித்தீன் பை, அகலமான டேப், சம்மட்டி, அடிவாங்க ஒரு மரக்கட்டை, கொத்து, கரணை, டேப் அளவு, அழியாத மார்க்கர் எல்லாம் வேண்டும். கனமான கருப்புத் தார்ப்பாய் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. எந்த மண்ணை எடுப்பது

வேலையின் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் சரிவு மண்ணைப் பார்த்ததும் அதன் நட்ட நடுவில் குழாயை அடிக்கிறார்கள். வயது காண வேண்டியது சரிவுக்குத்தானே என்ற எண்ணம். ஆனால் இருப்பதிலேயே மோசமான மண் அதுதான்.

சரிவுக்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். கீழே ஒரு பழைய பள்ளத்தின் (ஓடையின்) மணல் இருந்தால் அது சரிவுக்கு முன்னால் ஓடும் தண்ணீரில் வெயில் பட்டு வந்து படிந்தது. மேலே சரிவு நின்ற பிறகு மழைத்தண்ணீர் அரித்து மெல்லப் பரப்பிய மணல் இருந்தால் அதுவும் நல்லது. கீழ் மணலுக்கு 9,000 ஆண்டு, மேல் மணலுக்கு 7,000 ஆண்டு என்று வந்தால் சரிவு இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்திருக்கிறது. சரிவையே தொடாமல் அதன் காலத்தை இரண்டு பக்கமும் பூட்டிவிட்டீர்கள்.

சில வெட்டு முகப்புகளில், அதாவது அடுக்குகள் தெரியும்படி வெட்டுப்பட்ட மண்சுவர்களில், சரிவு மண்ணுக்குள்ளேயே கையகலத்துக்கு மணல் பட்டை ஒன்று ஓடும். ஒரு சேற்று அலை நின்று அடுத்தது வருவதற்குள் தண்ணீர் கழுவி விட்ட மணல் அது. இரண்டு விரல் தடிமன்தான் இருக்கும், கண் பழகினால்தான் தெரியும். கரணையை வைத்து முகப்பை மேலிருந்து கீழாக மெதுவாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். சேற்றில் வழவழவென்று போகும் கரணை மணலைத் தொட்டதும் சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் நிறுத்திக் குறி போடுங்கள்.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. வேர் ஓடிய இடம், எலிவளை, பழைய கரையான் புற்று இருந்த மண், இவை எல்லாவற்றிலும் மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் போயிருக்கும். நம்ம ஊர்ச் செம்மண்ணில் கரையான் வேலை நாம் நினைப்பதைவிட ஆழமாகப் போகிறது. நிலத்தின் மேல்பரப்பிலிருந்து முதல் முக்கால் மீட்டரில் நான் மாதிரி எடுப்பதில்லை. உழவும் வேரும் அங்கே எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

சரிவால் மூடப்பட்ட பழைய மேல்மண், கருப்பு கலந்து தனி நிறமாகத் தெரியும். அதில் கரித்துண்டு கிடைத்தால் ரேடியோகார்பன் முறைக்கு (கரியில் மிஞ்சிய கதிர்க் கார்பனை அளந்து வயது காண்பது) எடுத்து வையுங்கள். இரண்டு முறைகளும் ஒரே காலத்தைச் சொன்னால் மனம் நிம்மதியாகும்.

வெட்டு முகப்பு எங்கே கிடைக்கும்? சாலை வெட்டு, பள்ளத்தின் கரை, புதிதாக வெட்டிய கிணறு, செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி. குழியின் சுவர் செங்குத்தாக நிற்கும். அடியில் போய் நிற்கும் முன் மேலே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மூன்று நாளுக்குள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

4. வெட்டு, வரை, அப்புறம் குழாய்

முகப்பின் பழைய தோலை முழுங்கை ஆழத்துக்கு வெட்டித் தள்ளுங்கள். வெயில் மண்ணுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும் என்றாலும் விரிசல் வழியாக மேல்மண் இறங்கியிருக்கும், காய்ந்தும் இருக்கும்.

குழாயை எடுப்பதற்கு முன் முகப்பை வரையுங்கள். எந்த அடுக்கு எத்தனை செ.மீ., கல் எவ்வளவு பெரிது, மணி முனையோடு இருக்கிறதா, எல்லை கூர்மையா மங்கலா என்று எழுதுங்கள். போட்டோ மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் மூன்று மாதம் கழித்து எந்தக் குழாய் எந்த அடுக்கு என்று விழிப்பார்கள்.

குழாயின் பின்பக்கத்தைக் கருப்பு டேப்பால் மூடி, சீவிய முனையை மணல் பட்டையின் நடுவில் வைத்து, மரக்கட்டை வைத்து அடியுங்கள். ‘டொப் டொப்’ என்று வரும் சத்தம் ‘டங்’ என்று மாறினால் உள்ளே கல். மேலும் அடிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஆரம்பியுங்கள். கல்லை உடைத்துக்கொண்டு போன குழாய்க்குள் ஒளி புகுந்த மணலும் புகாத மணலும் கலந்திருக்கும்.

குழாய் நிறைந்ததும் சுற்றிலும் கொத்தி எடுத்து உடனே மூடுங்கள். நிறையாமல் காலி இருந்தால் அந்த இடத்தில் பாலித்தீனைத் திணியுங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் குலுங்கும்போது முனையில் ஒளி பட்ட மணல் நடுவுக்குப் போய்விடும். அலுமினியத் தாள், கருப்புப் பை, டேப், எண், மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, ஆழம், தேதி. எண்ணைக் குழாயின் மேலும் பையின் மேலும் இரண்டு இடத்திலும் எழுதுங்கள்.

5. குழாய் இறங்காத இடத்தில்

சரளை நெருக்கமாக இருந்தால் குழாய் இறங்காது. அப்போது தார்ப்பாயை முகப்பின் மேல் கூடாரம்போல் கட்டி, ஓரங்களை மண் போட்டு மூடி, உள்ளே சிவப்பு விளக்கில் கரணையால் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். முதல் நான்கைந்து செ.மீ. மண்ணை இருட்டிலேயே சுரண்டி ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கருப்புப் பையில் அள்ளுங்கள்.

சாதாரண டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் போதாது. அதன் வழியே நீல ஒளியும் கசியும். ஆய்வகம் பரிந்துரைக்கும் சிவப்பு எல்.இ.டி. விளக்குதான் வேண்டும். செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஒருமுறை பாதி அள்ளிக்கொண்டிருக்கும்போது உடன் இருந்தவர் சட்டைப்பையில் போன் வந்து, திரை முழு வெளிச்சத்தில் பையின் வாய்மேல் விழுந்தது. நான்கு மணி நேர வேலை. அந்தப் பையை அங்கேயே கொட்டிவிட்டு மறுநாள் திரும்ப எடுத்தோம். சந்தேகம் இருக்கும் மண்ணை வைத்துக்கொண்டு பின்னால் தவிப்பதைவிட அது நல்லது.

மணலே இல்லை, கல் மட்டும்தான் என்றால் புதைந்த கல்லின் பரப்பிலிருந்து மெல்லிய சில்லுகளாக வெட்டி அளக்கும் முறையும் இருக்கிறது. நீலகிரியின் சார்னோக்கைட் கருமையான பாறை. வெளிர்நிறப் பாறையில் போகும் அளவுக்கு ஒளி இதற்குள் போகாது. ஆகவே முதல் முயற்சியாக இதை எடுக்க வேண்டாம்.

6. ஆண்டு டோஸுக்குத் தனி மண்

பலர் மறப்பது இதைத்தான். வகுக்கப்படும் எண்ணுக்காக அத்தனை பாடுபட்டுவிட்டு, வகுக்கும் எண்ணுக்கு ஒன்றும் எடுக்காமல் வந்துவிடுவார்கள்.

காமா கதிர் மண்ணில் ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்திலிருந்து வரும். பீட்டா இரண்டு மூன்று மி.மீ. மட்டும். ஆல்ஃபா மணியின் தோலோடு நின்றுவிடும். ஆகவே குழாயைச் சுற்றி ஓர் அடி ஆரத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். ஒரு பக்கம் பெரிய பாறை, மறுபக்கம் களிமண் என்றால் இரண்டும் வேறு வேறு அளவு கதிர் வீசும். சேற்றில் ஒரு கிலோ, பாறையில் ஒரு சில்லு எனத் தனித்தனியாக எடுத்து, எவ்வளவு பங்கு கல், எவ்வளவு பங்கு சேறு என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாய் எடுத்த ஓட்டையிலேயே காமா அளவி வைத்து அளக்க முடிந்தால் காமா பங்குக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. சரிவு மண்ணுக்கு அதுதான் சிறந்த வழி.

சமவெளிப் பக்கம் மண்ணில் சுக்காங்கல் முடிச்சுகள் இருந்தால் தவறாமல் எழுதுங்கள். சுண்ணாம்பு பிறகு வந்து இடுக்குகளை நிரப்பியிருந்தால், ஆரம்ப காலத்தில் மணி வாங்கிய கதிர் இப்போது அளப்பதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.

7. ஈரம்: பிப்ரவரி மண்ணை நம்பாதீர்கள்

தண்ணீர் கதிரைத் தடுக்கும். ஈரம் ஒரு சதவீதம் கூடினால் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும்.

களப்பணிக்கு நாம் போவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகு. அப்போது ஈரம் 3 சதவீதம் என்று வரும். ஐப்பசி கார்த்திகையில் அதே மண் சொதசொதவென்று இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி 12 சதவீதம் என்றால், 3 என்று போட்டுக் கணக்கிட்டவருக்கு வயது கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவாக வரும். ஆகவே இரண்டு எண் வேண்டும். எடுத்த அன்றைய ஈரம், அதே மண் முழுக்க நனைந்தால் பிடிக்கும் ஈரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதிப்பை எடுத்து, தாராளமான பிழை வரம்பு கொடுங்கள். ஈரத்துக்கான மண்ணைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அன்றைக்கே எடை போட்டுவிடுங்கள்.

8. கூடவே ஒரு புதுச் சரிவின் மண்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பலர் செய்வதில்லை.

1993 நவம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலத்தில் நடந்த சரிவும், 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நடந்த சரிவுகளும் நமக்குத் தேதியோடு தெரியும். அப்படி ஒன்றின் மண்ணை, பிறகு யாரும் தோண்டாத இடத்தில், அதே முறையில் எடுத்து அனுப்புங்கள். எல்லா மணியும் வெயில் பட்டு வந்திருந்தால் சேர்ந்த டோஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 9 கிரே என்று வந்தால், இந்த மலையின் சரிவு மண் பழைய கணக்கைச் சுமந்துகொண்டுதான் இறங்குகிறது என்பது கையில் கிடைத்த ஆதாரம். 1000 ஆண்டுக்கு 3 கிரே வீதத்தில் அது 3,000 ஆண்டு. நீங்கள் காணப்போகும் பழைய வயதிலும் அந்த அளவு பொய் இருக்கக்கூடும்.

9. அனுப்புவது

எக்ஸ்ரே கருவியில் பெட்டி போனால் மாதிரி கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த அளவு ஆயிரம் ஆண்டுக் கணக்குக்கு ஒன்றுமே இல்லை. திறந்து பார்ப்பதுதான் ஆபத்து. எனக்கு ஒருமுறை பார்சல் வழியில் ஒரு குழாயின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு டேப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு வெளியே பெரிதாக ‘ஒளி படக்கூடாது, உள்ளே மண் மட்டும்’ என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிரித்துப் பார்க்க அதே மண்ணில் கொஞ்சம் தனிப் பையில் மேலாகவே வைத்துவிடுகிறேன்.

10. இருட்டறை வேலை

இது ஆய்வகத்தார் செய்வது. ஆனாலும் ஏன் என்று தெரிந்தால்தான் நல்ல மண் தேடத் தெரியும்.

குழாயின் இரு முனையிலும் இரண்டு மூன்று செ.மீ. மண்ணை ஒதுக்குவார்கள். நடு மண்ணைச் சலித்து 90 முதல் 250 மைக்ரான் அளவுக்குள் ஒரு பிரிவை எடுப்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு மக்கிய பொருளைப் போக்கும். சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனத்த கரைசலில் அடர்த்தி 2.62க்கும் 2.70க்கும் இடையே நிற்பது குவார்ட்ஸ். கடைசியில் 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வைத்தால் மீந்த ஃபெல்ட்ஸ்பார் கரையும், ஆல்ஃபா பட்ட மணியின் தோலும் உரியும்.

இந்த அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோலில் பட்டது முதலில் வலிக்காமலே எலும்பு வரை போகக்கூடியது. புகைக்கூண்டு, தகுந்த கையுறை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற ஆள் நான்கும் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் யாரும் இதை முயற்சி செய்யாதீர்கள்.

11. அளவீட்டில் என்ன கேட்பது

மலையிலிருந்து நேரே உடைந்து வந்த குவார்ட்ஸ் பெரும்பாலும் மங்கலாக ஒளிரும். பலமுறை புதைந்து, பலமுறை வெயில் பட்டு அலைந்த ஆற்று மணல்போல் அது பழகியிருக்காது. ஆகவே முதலில் இரண்டு மாதிரியை மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளிர்வே இல்லை என்றால் ஃபெல்ட்ஸ்பாருக்கு மாற வேண்டும். அதில் சேர்ந்தது தானாகக் கசியும் குறை உண்டு, அதற்குத் திருத்தம் வேண்டும்.

குவார்ட்ஸ் நல்ல வெயிலில் நிமிடங்களுக்குள் காலியாகும். ஃபெல்ட்ஸ்பார் அதைவிட மெதுவாகக் காலியாகும். இந்த வேறுபாட்டையே ஒரு சோதனையாக்கலாம். ஒரே மாதிரியில் இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் மண் புதையும் முன் நன்றாக வெயில் பட்டிருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் மட்டும் மிகப் பழையதாகத் தெரிந்தால் வெயில் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான மணிகளை வைத்து அளந்தால் வெயில் பட்டதும் படாததும் சராசரியாகி மறைந்துவிடும். சரிவு மண்ணுக்கு மிகச் சிறு தட்டு அல்லது தனித்தனி மணியாக அளக்கக் கேளுங்கள். அறிக்கையில் மூன்று சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த டோஸைக் கொடுத்துத் திரும்ப அளந்தால் 10 சதவீதத்துக்குள் வருகிறதா, ஒரே டோஸை இரண்டாம் முறை கொடுத்தால் அதே ஒளிர்வு வருகிறதா, டோஸே கொடுக்காதபோது வரும் ஒளிர்வு 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா.

12. எண்களைப் படிப்பது

மணிகளின் டோஸ் எல்லாம் 24 கிரேயைச் சுற்றி நெருங்கி நின்றால் மைய மதிப்பை எடுக்கலாம். 24இல் ஒரு கூட்டம், 40, 70, 120 என்று வால்போல் நீண்டு போனால், வால் முழுக்க வெயில் படாத மணிகள். அப்போது ‘குறைந்தபட்ச வயது’ என்ற கணக்கு முறையைப் பயன்படுத்தி அந்தத் தாழ்ந்த கூட்டத்தை எடுக்க வேண்டும். வால் மணிகளையும் சேர்த்துச் சராசரி போட்டு 50 என்று எழுதினால், 1000 ஆண்டுக்கு 3 கிரே வீதத்தில் 8,000 ஆண்டுச் சரிவு ஏறக்குறைய 17,000 ஆண்டு ஆகிவிடும்.

எதிர்ப் பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. கரையான் மேலிருந்து கொண்டுவந்த ஓரிரு மணி 2, 3 கிரே என்று தனியாக நிற்கும். குறைந்தது எதுவோ அதுவே சரி என்று அதைப் பிடித்துக்கொண்டால் வயது பொய்யாகக் குறையும். களத்தில் வரைந்த படத்தில் வேர், புற்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அப்போது திரும்பிப் பாருங்கள். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கு பழையதாக வந்தாலும் இதே போல் படத்துக்குத் திரும்ப வேண்டும்.

டோஸ் 150, 200 கிரேயைத் தாண்டினால் குவார்ட்ஸ் நிறைந்துவிட்டதா என்று கேளுங்கள். நிறைந்த மணி ‘இதைவிடப் பழையது’ என்று மட்டும்தான் சொல்லும்.

13. எழுதும்போது

ரேடியோகார்பன் 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணும். ஒளிர்வு வயது மாதிரி எடுத்த ஆண்டிலிருந்து எண்ணும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடும் முன் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். வயதோடு பிழை வரம்பு, எத்தனை மணி, எந்தக் கணக்கு முறை, எடுத்துக்கொண்ட ஈரம், ஆழம் எல்லாவற்றையும் கொடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் ஈரத்தை ஏற்காவிட்டாலும் அவரே திரும்பக் கணக்கிட முடியும்.

மீந்த மணலைக் கருப்புப் பையோடு பெயர் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். களத்தில் வெட்டிய குழியை அன்றைக்கே மூடிவிடுங்கள், மாடு விழும். வயது வந்ததும் தோட்டத்துக்காரருக்கு ஒரு போன் போட்டு அதைச் சொல்லுங்கள். எந்தப் பள்ளத்தின் வழியாக மலை இறங்கி வந்தது, எதுவரை வந்து நின்றது என்று வரைபடத்தில் காட்டுங்கள். அடுத்த வீட்டை எங்கே கட்டுவது என்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார்.